வூட்டுக்காரர் பேரு

“சார், எங்கூட்டுக்காரரு பேருல எங்கங்க மூணு சுழி, எங்கங்க ரெண்டு சுழி?”

இன்னாசிராஜ் அடுப்படியில் இருந்தான். எழுந்ததும் பல் துலக்கியிருந்தான். ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தான். கொதித்ததும் காப்பித்தூள் போட்டு இறக்கினான். தினமும் இதே வரிசைதான். வாசலில் தீர்த்தம்மாள் சிலேட்டோடு நின்றாள்.

“நடுவுல மூணு சுழி. கடைசியில ரெண்டு சுழி.”

“இத்தனை சுழிங்களா? அந்த மனுசன் மண்டையிலகூட இத்தனை இல்லீங்க.”

சிரிக்க வேண்டும் என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை. காப்பியைக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பள்ளிக்கூடத்துக்கு நடந்தான்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்து ஊர் அது. பிள்ளைகள் வருவதற்கு முன், களை வெட்டப் போகும் பெண்களுக்கு ஒரு மணி நேரம் எழுத்துச் சொல்லித் தருவது அவனுக்குக் கூடுதல் வேலை. பதினோரு பேர் படித்தார்கள். இன்று அவன் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதியோர் கல்வி ஆபீசர் குப்புராஜ். தருமபுரியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருந்தார்.

“ஆரம்பிச்சு எத்தனை மாசம் ஆச்சு?”

“ரெண்டுங்க.”

“யாராவது ஒருத்தர் எழுதிப் படிச்சுக் காட்டட்டும். சத்தமா.”

தீர்த்தம்மாள் எழுந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ‘பெரியண்ணன்.’ சுழியெல்லாம் சரியாக இருந்தது.

“பேஷ். இப்போ படிம்மா.”

தீர்த்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அதெப்பிடிங்க சாமி?”

“அடுத்தவங்க.”

நஞ்சம்மாள் ‘மாது’ என்று எழுதினாள். படிக்கச் சொன்னதும் “அய்யய்யோ!” என்று உட்கார்ந்துவிட்டாள்.

“நீ அவ புருசன் பேரப் படி, அவ உம்புருசன் பேரப் படிக்கட்டும்” என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

“எம்புருசன் பேர அவ எதுக்குடி சொல்றது?”

வகுப்பே சிரித்தது. ஆபீசர் சிரிக்கவில்லை. வரிசையாகச் சிலேட்டுகளைப் பார்த்துக்கொண்டே போனார்.

“பதினோரு சிலேட்டுலயும் புருஷன் பேரா? சர்க்கார் குடுத்த புத்தகத்துல முதல் பாடம் என்ன?”

“படம், பட்டம்ங்க.”

“அதை வாயால சொல்லலாமில்ல? எங்க அம்மாவும்தான் எங்க அப்பா பேரைச் சொல்ல மாட்டாங்க. எனக்கும் தெரியும். தமிழ்ல எத்தனையோ வார்த்தை இருக்கு. இவங்க செத்தாலும் சொல்லாத ஒரே வார்த்தையைத் தேடிப் பிடிச்சு முதல் பாடமா வச்சிருக்கீங்களே, எதுக்கு?”

“எழுதட்டும்னுதாங்க. இது வந்தப்புறம் புத்தகம் எடுப்பேன்.”

“சத்தமா வாசிச்சாத்தான் பாஸ். அதுதான் ரூல். ஒருத்தரும் வாசிக்கலைன்னு எழுதிடறேன். இந்த மாசத்தோட வகுப்பை மூடிடுவாங்க.” நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

“மூடிறாதீங்க சாமி” என்றாள் நஞ்சம்மாள். “பஸ் போர்டு படிக்கற வரைக்குமாச்சும் வுடுங்க.”

“என்னை ஏம்மா கேக்கறே? உங்க வாத்தியாரைக் கேளு.” அவன் பக்கம் திரும்பினார். “உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“ஆச்சுங்க.”

“சம்சாரத்தையும் முதல் வரிசையில உக்கார வச்சு உங்க பேரை எழுத வைக்கறதுதானே!”

யாரும் சிரிக்கவில்லை. தீர்த்தம்மாள் தரையைப் பார்த்தாள்.

“அவளுக்கு எழுதத் தெரியாதுங்க.”

“பி.ஏ. படிச்சவர் சம்சாரத்துக்கா?”

“நாளைக்குச் சொல்லித் தரேன், நாளைக்குச் சொல்லித் தரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேங்க. மூணு வருசம்.”

இன்னாசிராஜ் சாக்பீஸை மேஜைமேல் வைத்தான். ஊரில் யாரிடமும் சொல்லாததை, வருகைப் பதிவேட்டை வாசிப்பதுபோலச் சொன்னான்.

“போன ஐப்பசியில பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேங்க. கேட்டுல எறக்குனதும் ஸ்ட்ரெச்சர்ல வச்சு உள்ள தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. பொம்பளைங்க வார்டு. புருசன் பேரு போட்டு உள்ளருந்து சீட்டு வந்தாத்தான் ஆம்பளைய விடுவாங்க. நர்ஸ் கேரளத்துக்காரங்க, வேலைக்குப் புதுசு. புருசன் பேரு என்னன்னு கேட்டிருக்காங்க. என் சம்சாரம் சகாயமேரி சொல்லலை. சொல்ல மாட்டேன்னா எழுதுன்னு தாளைக் குடுத்திருக்காங்க.”

நஞ்சம்மாள் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் கேட்டுல என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பேருக்குச் சீட்டு வரலைன்னுட்டாங்க. காலையில இருந்து நின்னேன். சாயங்காலம் கூப்பிட்டாங்க. அவ முகத்தைக் கடைசியாப் பாக்க.”

ஆபீசர் எழுதிய தாளை நோட்டிலிருந்து கிழித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

“அந்தம்மா ஒண்ணுமே சொல்லலையா?”

“சொல்லியிருக்கா. அந்த நர்ஸே எங்கிட்ட வந்து அழுதாங்க. பேரு தெரிஞ்சாத்தானே கூப்பிட முடியும்னு கடைசியா ஒருதரம் கேட்டிருக்காங்க. அதுக்கு அவ சொன்னாளாம்: ‘அவரையே கேளுங்கக்கா. வெளியதான் நிக்கறாரு.’”