சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்

காரை விற்ற கடைக்கு எதிரே, செங்குத்தான மேட்டின் நடுவில், வேண்டுமென்றே காரை நிறுத்தியிருக்கிறார் பெரியவர். பின்சக்கரத்துக்கு அடியில், டிக்கியிலேயே சுமந்து திரியும் கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறார். மேட்டில் நின்று கிளம்பினால் மூச்சடைத்துப் பின்னால் உருளும் கார் அது. "வண்டியில குறையில்ல, உங்களுக்குத்தான் வயசாச்சு" என்று போன மாதம் சிரித்த மேலாளர், இப்போது கடை வாசலில் நிற்கிறார். பின்சீட்டில் மனைவியும் அவளுடைய இரண்டு தங்கைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். "எடைக்கு மூட்டை கிடைக்கலையா மாமா?" என்கிறாள் இளையவள். "மூட்டைக்கு இவ்வளவு கனம் ஏதும்மா?" என்கிறார் பெரியவர். முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் மகளின் மடியில் லேப்டாப். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது கூடுதல் இழுவை தரும் டர்போவை அடக்கியே வைத்திருந்த, காரின் கம்ப்யூட்டர் கட்டளையை அவள் இப்போதுதான் மாற்றி எழுதி, காரோடு இணைத்திருந்த வயரைப் பிடுங்குகிறாள். "அதுல கை வெச்சா வாரண்டி போயிடும் ஐயா!" என்று கத்துகிறார் மேலாளர். "உங்க வாரண்டியா மேடு ஏத்துச்சு?" என்கிறார் பெரியவர். மகள் எழுதிய கட்டளையின் மேலும் அவருக்கு முழு நம்பிக்கையில்லை. ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கிளட்சை விடுகிறார். அடிவயிற்றிலிருந்து உறுமுகிறது என்ஜின். கார் கல்லில் சாயவேயில்லை. மூன்று பெண்களும் சீட்டோடு ஒட்டிக்கொள்ள, விறுவிறுவென்று ஏறுகிறது. பெரியவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறார். "தம்பி, அந்தக் கல்லைத் தூக்கிப் போட்டுடுங்க! இனிமே எனக்கு வேணாம்!"