பைப் கடை

சமையலறைத் தொட்டிக்கு அடியில் வளைந்து போகிற பைப் கசிகிறது என்பதை மாப்பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

என் தமிழ் அவருக்குத் தெரியாது. அவருடைய மொழி எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது நாலைந்து ஆங்கிலச் சொற்களும் என் மகளும்தான். மகள் உள்ளே மதியத் தூக்கத்தில் இருந்தாள்.

எழுப்ப மனம் வரவில்லை. ஊரில் நான் பிளம்பர். கசிகிற குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரவும் முடியவில்லை.

"பைப்... ஷாப்" என்றேன். காற்றில் விரலால் வரைந்தும் காட்டினேன். நேராகக் கீழே இறங்கி, வளைந்து, கொஞ்சம் மேலே ஏறும்.

மாப்பிள்ளையின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. படுக்கையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார். பூனை மாதிரி நடந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டில் குழாய் கசிவது பெண்டாட்டிக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயப்படுகிறார் போல, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். நானும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

தெருவில் இருவரும் பேசாமல் நடந்தோம். பேசத்தான் மொழி இல்லையே.

என் மனைவி முழங்கால் வலியைச் சொல்லி விமானம் ஏற மறுத்துவிட்டாள். எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தாள். "பொண்ணு அங்க வாயத் தெறந்து பேசுறாளான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

எங்கள் வீட்டில் மகளுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்த முடியாது, சத்தத்தைக் குறைக்கத்தான் முடியும். கல்யாணத்துக்குப் பிறகு ஃபோனில் "ம்", "சரி", "நல்லா இருக்கேன்", அவ்வளவுதான். வந்து பார்த்தால் நேரிலும் அப்படித்தான் இருந்தாள். புருஷனிடம் அவருடைய மொழியில், தாழ்ந்த குரலில், மரியாதையாக நாலு வார்த்தை. ஒரு சண்டை இல்லை, ஒரு சத்தம் இல்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் எதையாவது சொல்லி மழுப்பிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை ஒரு கடை வாசலில் நின்று, எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

முதலில் வாசனைதான் வந்தது. உலர்ந்த பழமும் புதுச் செருப்புத் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

சுவர் முழுக்க பைப். புகை பிடிக்கிற பைப். எல்லாம் மரத்தில் கடைந்தவை. பாதிக்கு மேல் நான் காற்றில் வரைந்த அதே வளைவு.

ஐயோ என்று தலையில் அடித்துக்கொள்வதற்குள் கடைக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் இழுப்பறையைத் திறந்து, கரிபிடித்த பைப் ஒன்றை எடுத்து நீட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத சாமான் இங்கே குடியிருக்கிறது என்று புரிந்தது.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். நீங்களும் நம்ம ஆள்தானா என்கிற சிரிப்பு. நான் வந்த நாளிலிருந்து வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி விறைப்பாகவே இருந்த மனிதர், அப்போதுதான் தோளைத் தளர்த்தினார்.

நான் ஆயுசில் ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

கடைக்காரர் என் கையிலும் புதுப் பைப் ஒன்றைக் கொடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேலை சுத்தம்தான். ஆனால் வாயில் வைக்கிற துண்டை திருகி இறுக்க மரையே இல்லாமல் சும்மா சொருகியிருந்தார்கள். எங்கள் தொழிலில் இப்படி மாட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே வீடு மிதக்கும்.

மாப்பிள்ளை புகையிலையை அடைத்து, பற்றவைத்துக் கொடுத்தார். ஒரு இழுப்புதான் இழுத்தேன். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் டம்ளரோடு ஓடி வந்தார். மாப்பிள்ளை என் முதுகைத் தடவிக்கொடுத்தார். இருமல் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.

பிறகு ஜன்னல் ஓரம் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தோம். அவர் இழுத்தார். நான் இழுக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் மெதுவாக எதிர்ச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதனால் கவலை குறைந்துவிடவில்லை. நல்ல மனிதரோடும் ஒருத்தி பேச்சில்லாமல் காலம் தள்ளலாமே.

நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது மகள் சோபா பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். மூக்கைச் சுருக்கினாள். அவ்வளவுதான், கையிலிருந்த துண்டு தரையில் விழுந்தது.

"கருமம், கருமம்! எத்தன தடவ சொல்றது? அந்த எழவ ஊதிட்டு நேரா வீட்டுக்குள்ள வராதன்னு சொன்னேனா இல்லையா? சோபால மட்டும் உக்காந்த, அவ்வளவுதான். போ, மொதல்ல போய் வாயக் கொப்புளிச்சிட்டு வா!"

இந்த வீட்டில் தமிழில் திட்டினால் அது என்னைத்தானே? ஆனால் பேச்சு வந்த நாளிலிருந்து அவள் எனக்கு 'வாங்க, போங்க'தான். ஒருநாளும் 'வா, போ' என்றதில்லை.

நான் யோசித்து முடிப்பதற்குள், தமிழே தெரியாத மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு குளியலறைக்குள் போய்விட்டார். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. கொப்புளிக்கிற சத்தமும் கேட்டது.

எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. சிரித்தும் விட்டேன்.

மகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களுந்தான்ப்பா. போங்க."