கிணற்றுக்கு நற்சான்றிதழ்

"அன்பார்ந்த பொதுமக்களே, நிலத்தடி நீரின் வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள். சுரங்கத்தை ஒட்டிய இந்தத் தெருவின் கிணற்றுநீர் குடிக்க ஏற்றதா இல்லையா என்பது இன்னும் சற்று நேரத்தில் உலகத்துக்கே தெரிந்துவிடும்."

உலகத்தின் சார்பில் பத்துப் பதினைந்து பேரும் ஒரு நாயும் வந்திருந்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி, டீக்கடையின் பின்கட்டில் துவைக்கிற கல் மேல் ஏறி நின்று முழங்கிக்கொண்டிருந்தார். கீழே சோதனைப் பெட்டியோடு கெமிஸ்ட்.

கிணறு டீக்கடைக்கார அம்மாவுடையது. சுரங்கத்துக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டதால், அவர் கையில் இன்னும் டீ வடிகட்டி இருந்தது.

"தண்ணி நல்லா இருந்தா என்ன சார் ஆகும்?"

"நல்லது ஆகும்மா. நாளையிலேர்ந்து லாரித் தண்ணிய நிறுத்திடுவோம்."

நிர்வாகம் தினமும் அனுப்பும் லாரித் தண்ணீரில்தான் கடை ஓடியது. தெருவே உலை வைத்தது.

"நல்லா எல்லாம் இருக்காது சார். சோப்பு நுரைக்காது. துணி கறுத்துப் போகும். குடிச்சா கல்லடைப்புதான்."

"எனக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு" என்றாள் அம்மாவின் நாத்தனார், இடுப்பு வரை தொங்கிய பின்னலை முதுகுக்குப் பின்னால் தள்ளியபடி.

கெமிஸ்ட் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"உப்பு இல்ல, கந்தகம் இல்ல, இரும்பு இல்ல. நம்ம சுத்திகரிப்பு ஆலைத் தண்ணி மாதிரியே இருக்கு சார். சுரங்கத்துக்கு இவ்வளவு பக்கத்துல எப்படி..."

"இயற்கை நம்மகிட்டேர்ந்து கத்துக்கிட்டிருக்குய்யா. எழுதிக்கோ."

"தண்ணிய மாத்திட்டாங்கப்பா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அதிகாரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கல்லிலிருந்து இறங்கினார். டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்தார். அம்மாவின் வாளியை அம்மாவின் கயிற்றிலேயே விட்டு, மூச்சு வாங்கத் தன் கையால் இறைத்தார். எல்லார் கண் முன்னாலும் ஒரு டம்ளர் குடித்தார். யாரும் கேட்காமலே இன்னொரு டம்ளரும் குடித்தார்.

"தேன் தோத்துது. இப்படி ஒரு சொத்தைக் காலடியில வச்சுக்கிட்டு லாரிக்குக் கை நீட்டறீங்களே, மனசாட்சி வேணாம்?"

"இன்னும் கொஞ்ச நாளாவது வண்டிய அனுப்புங்க சார். இந்தக் கடைய நம்பித்தான் ரெண்டு பிள்ளைங்க படிக்குது."

"விதிமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா. கிணத்துத் தண்ணி கெட்டுப்போயிருந்தா லாரி. அவ்வளவுதான். அடுத்த தெருவுல கிணறு வத்திப்போச்சுன்னு அழுதாங்க. வத்தினா அது உங்களுக்கும் வானத்துக்கும் உள்ள தகராறு, எங்களை ஏன் இழுக்கறீங்கன்னு அன்னைக்கே வண்டிய நிறுத்தினோம்."

"வானம் என்ன பண்ணும்? ராத்திரி பகலா சுரங்கத்துலேர்ந்து தண்ணிய உறிஞ்சி வெளிய விடறது யாராம்?" என்றாள் நாத்தனார்.

"அது சுரங்கம் நனையாம இருக்கறதுக்கும்மா. படிக்காதவங்களுக்கு விளக்க முடியாது."

'குடிக்க உகந்தது' என்ற பலகையைக் கெமிஸ்ட் கிணற்றுச் சுவரில் மாட்டினார். அதிகாரி அதன் மேல் கை வைத்து, பிள்ளை பெற்ற அப்பா மாதிரி போட்டோவுக்கு நின்றார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

கூட்டம் கலைந்ததும் நாத்தனார் அம்மாவின் காதருகே வந்தாள்.

"உண்மையச் சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"சொல்லியிருந்தா நாளைக்கு வரைக்கும்கூட விட்டிருக்க மாட்டான்டி. இன்னைக்கே நிறுத்தியிருப்பான்."

அந்தக் கிணறு வற்றி வருஷக்கணக்காகிறது. அடியில் சிமெண்ட் பூசி, லாரித் தண்ணீரை அதில்தான் ஊற்றி வைத்திருந்தார்கள்.