மை காயாத பெருவிரல்

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும், மூச்சுத் திணறிக் கிடந்த செண்பகவல்லியின் பெருவிரலில் மாட்டியிருந்த நாடித்துடிப்புக் கிளிப்பை வக்கீல் கழற்றினார். விரலை மையில் உருட்டி உயிலின் அடியில் அழுத்தினார். வீடு மகள் கோமதிக்கு. ரேகை தெளிவாக விழுந்தது. கிளிப்பை அதே விரலில் திரும்ப மாட்டியதும் தலைமாட்டிலிருந்த மானிட்டர் அலறியது. எண் வராமல் வெறும் கோடு ஓடியது.

"அம்மா போயிட்டா," என்றான் மகன் தில்லைநாயகம். அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்பதுபோல, "கிளிப்பைக் கழட்டும்போதே உசிரு இல்ல. செத்த கையில எடுத்த ரேகை செல்லாது," என்றான்.

கோமதி உயிலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ரேகை வைக்கும்போது கண்ணு முழிச்சுத்தான் இருந்தா. அதுக்கப்புறந்தான் போச்சு. வக்கீல் சாரைக் கேளு."

முன்னாலா பின்னாலா என்று கட்டிலின் இரு பக்கமும் நின்று மல்லுக்கட்டினார்கள். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படுத்திருந்தவளை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

ஓடிவந்த நர்ஸ் இருவரையும் விலக்கிக்கொண்டு புகுந்தாள். "மையோட மாட்டினா மெஷின் எப்படிங்க காட்டும்?" ஸ்பிரிட் பஞ்சால் விரலை அழுத்தித் துடைத்துக் கிளிப்பை மாட்டினாள். எண் திரும்பி வந்தது. அலறல் நின்றது.

செண்பகவல்லி கண்ணைத் திறந்தாள். மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு கிளிப்பைத் தானே உருவிப் போட்டுவிட்டு, சுத்தமான விரலை வக்கீலிடம் நீட்டினாள்.

"தம்பி, வேற பேப்பர் இருக்கா?"