அடி பெருத்த செடி

“உங்க மகனோட செடிங்க” என்று சொல்லி, வந்தவர் தொட்டியைத் துணி வெட்டும் மேசைமேல் வைத்தார்.

தையல்காரர் கத்தரியை வைத்துவிட்டுப் பார்த்தார். பாலைவன ரோஜா. அடி பானையாக உப்பி, மேலே சின்னதாய் மூன்று கிளைகள்.

மகன் ரோட்டில் லாரி மோதிப் போய் நாலு வருஷமாகிறது. அன்றிலிருந்து அவர் வீட்டோடு சேர்ந்த இந்தக் கடையின் படி இறங்கவில்லை. ஆஸ்பத்திரி, கோர்ட்டு எல்லாவற்றுக்கும் மனைவிதான் அலைந்தாள். அவருக்கு அழுகைகூட வரவில்லை. வெட்டுவார், தைப்பார், சாப்பிடுவார், படுப்பார்.

மகன் மொட்டைமாடி நிறைய இந்தச் செடிகளைத்தான் வைத்திருந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் வண்டியில் எடுத்துப்போய்க் கொடுப்பான். வருஷத்துக்கு ஒரு இஞ்ச் பருத்தாலே பெரிய விஷயம், தண்ணீர் அதிகமானால் அழுகிவிடும் என்பான். அவன் போனபின் இவர் மரத்துப்போய் தினமும் ஊற்றினார். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவன் கொடுத்ததா என்று கேட்டார்.

“அவர்கிட்டேருந்துதான் வந்துச்சு. அப்ப விரல் தண்டிதாங்க இருந்துச்சு.”

தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அடிமரத்தைச் சுற்றி அளந்தார். சட்டைக் கை அளவுக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் நீளமாய் ஒரு தழும்பு. தடவிப் பார்த்தார்.

“கீழ விழுந்து நசுங்கிடுச்சுங்க. பொழைக்காதுன்னுதான் நினைச்சேன்” என்றார் வந்தவர், தரையைப் பார்த்தபடி.

மூலையில் மனைவி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை, வந்தவரை உட்காரச் சொல்லவும் இல்லை.

தையல்காரருக்கு வெகுநாள் கழித்துப் பேசவேண்டும்போல் இருந்தது. என்ன மண், எவ்வளவு வெயில் என்று விடாமல் கேட்டார். மணலோடு செங்கல்தூள் கலந்ததையும், மண் நன்றாகக் காயும்வரை தண்ணீர் காட்டாததையும் வந்தவர் பொறுமையாகச் சொன்னார். டீ வரவழைக்கிறேன் என்றதற்கு மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

படியிறங்கும்போது வந்தவர் ஒரு கணம் நின்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போய்விட்டார்.

“தங்கமான மனுஷன். நம்ம பையனுக்கு ரொம்ப வேண்டியவர் போல” என்றார் தையல்காரர். “யாரு என்னன்னு கேக்கவே மறந்துட்டேன் பாரு.”

மனைவி நூலைக் கடித்துத் துண்டித்தாள்.

“கோர்ட்டுல பாத்திருக்கேன். லாரி ஓட்டுனவரு.”