அஞ்சு பவுண்டு குறைச்சல்

"இந்த ஆளை மாத்துறீங்களா, இல்ல நான் வேற கிளப் பாத்துக்கட்டுமா?"

மட்டைக்கு நரம்பு கட்டுகிறவரைக் காட்டியபடி, டென்னிஸ் மட்டையை மேனேஜர் மேஜைமேல் தொப்பென்று போட்டார் பையனின் அப்பா. இவரும் மருமகளின் அப்பாவும் தினமும் காலையில் இங்கேதான் ஆடுவார்கள். சம்பந்திகள். ஆட்டத்தில் மட்டும் பங்காளிகள்.

மேனேஜர் இறுக்கம் அளக்கும் கருவியை மட்டையின் நரம்பில் மாட்டிப் பார்த்தார்.

"நாப்பத்தஞ்சு பவுண்டுதான் இழுவை இருக்கு. சார் எவ்வளவு கேட்டாரு?"

நரம்பு கட்டுகிறவர் தலையைச் சொறிந்தார். "அம்பத்தஞ்சு."

"கேட்டுக்கங்க! ரெண்டு மாசமா நான் அடிக்கிற பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் போகுது. வயசாயிடுச்சோன்னு நானே நம்பிட்டேன். சம்பந்தி தினம் ஜெயிச்சுட்டு, மருமக முன்னாடியே மீசையை முறுக்குறாரு!"

"ஏம்பா இப்படிப் பண்ணே?" என்றார் மேனேஜர்.

"முறுக்கிக் கட்டினா பந்து பட்டதும் தெறிச்சுரும் சார். அடி மொத்தமும் சுருக்குனு முழங்கைக்குப் போகும். தளர்த்திக் கட்டினா பந்து துளி நேரம் நரம்புல உக்காந்துட்டுப் போகும். அதே அடியைக் கை கொஞ்சம் நிதானமா வாங்கிக்கும். என்ன, பந்து கொஞ்சம் தூரமாப் போய் விழும்."

"என் கையைப் பத்தி உனக்கென்னய்யா? யார் சொல்லிக் குடுத்தது?"

நரம்பு கட்டுகிறவர் குனிந்து நரம்புச் சுருளைச் சுற்ற ஆரம்பித்தார்.

"சொல்லிடு. இல்லேன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்," என்றார் மேனேஜர்.

"நான்தான் சொன்னேன்."

வாசலில் சம்பந்தி, கழுத்தில் துண்டோடு.

"பாத்தீங்களா! ஜெயிக்கிறதுக்கு இப்படியா ஒரு குறுக்கு வழி?"

"முழங்கை வலிக்கு டாக்டர் உங்களை ஆட்டத்தையே விடச் சொன்னாராம். என் பொண்ணு சொன்னா. நீங்க விடுற ஆளா?"

"சும்மா சாக்கு சொல்லாதீங்க. என் பந்து வெளிய போகணும், அவ்வளவுதானே?"

சம்பந்தி தன் மட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

மேனேஜர் அதிலும் கருவியை மாட்டினார். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்தார்.

"நாப்பது சார். உங்களோடதைவிட அஞ்சு குறைச்சல்."

"அவருக்குத் தளர்த்திட்டு நான் முறுக்கா வச்சு ஆடினா நியாயமா?" என்றார் சம்பந்தி. "எனக்குக் கை நல்லாத்தான் இருக்கு."

பையனின் அப்பா முழங்கையைத் தடவிக்கொண்டார். பிறகு தன் மட்டையை எடுத்து நரம்பு கட்டுகிறவரிடம் நீட்டினார்.

"இதையும் நாப்பதாக்கிடுப்பா. அவரோட அஞ்சு பவுண்டு தர்மம் எனக்கெதுக்கு?"