தியோடரின் புது வேதம்

"இன்னும் ரெண்டு மூணு லட்சம் வருஷம் போனா மனுஷனுக்கு ஞானப்பல்லே முளைக்காதாம். தெரியுமா ரோஸி?"

தோசைத் திருப்பியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள் ரோசலின். போகிற பல் போகட்டும், அதைச் சொன்ன ஆள்தான் அவளுக்குக் கவலை. சர்ச் சண்டே ஸ்கூலில் வருடக் கணக்காக ஆதாம் ஏவாள் கதை சொல்லித் தருகிற அவள் கணவர் தியோடர். மனுஷன் குரங்கிலிருந்து வந்தானாமே என்று சந்தேகம் கேட்ட ஒரு பையனை பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்த மனிதர்.

"யாருங்க சொன்னது?"

"சயின்ஸ் சொல்லுது. தேவையில்லாததை உடம்பு கொஞ்சம் கொஞ்சமா விட்டுடுமாம். வாலை விட்டுடலையா?"

"யாருக்கு வாலு இருந்துச்சு? ஆதாமுக்கா?"

தியோடர் தோசையைப் பிய்த்தார். ஆனால் வாயில் வைக்கவில்லை.

அடுத்த நாள் மனிதனுக்கு உடம்பில் ரோமம் போயிற்று. அதற்கடுத்த நாள் குடல்வால். லைப்ரரியிலிருந்து தடியாக ஒரு இங்கிலீஷ் புத்தகம் வேறு வந்து, பைபிளுக்குப் பக்கத்திலேயே கூசாமல் உட்கார்ந்துகொண்டது.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் வீட்டுக்கு வீடு கேபிள் இழுக்கிறார்களே என்று இவர்களும் போன வாரம்தான் இழுத்திருந்தார்கள். ரோசலின் முதலில் அதன் மேல் சந்தேகப்பட்டாள். பிறகு, மாடியில் புதிதாகக் குடி வந்திருந்த காலேஜ் வாத்தியார் மேல். எதுவும் சரிப்பட்டு வரவில்லை.

போதாக்குறைக்கு, குடித்த தம்ளரைக் கூட நகர்த்தி வைக்காத மனிதர் திடீரென்று பாத்திரம் தேய்க்கிறார். மார்க்கெட்டுக்குக் கிளம்பினால் பையைப் பிடுங்கிக்கொண்டு, "ஸ்வல்ப உட்காரு, கொஞ்சம் ரெஸ்ட் எடு, நான் போறேன்" என்கிறார். அவளுடைய சர்க்கரை மாத்திரையை வெந்நீரோடு கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்.

பீன்யா ஃபாக்டரியிலிருந்து ரிட்டயரான கையோடு அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்டார். இவருக்கும் புத்தி பிசகுகிறதா, இல்லை விசுவாசம்தான் ஆட்டம் கண்டுவிட்டதா? எதற்கு அழுவது என்று கூடத் தெரியாமல் இருந்தாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவர் படைச்ச உடம்பை நாளுக்கு ஒரு பாகமா கழட்டிக்கிட்டே வராரு, பாஸ்டர். நீங்கதான் வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

அன்று சாயந்திரமே பாஸ்டர் வந்துவிட்டார். வாசற்படிச் சத்தம் கேட்டு எழுந்த ரோசலினை, "நீ எழுந்திருக்காதே" என்று அதட்டிவிட்டு, தியோடரே போய்க் கதவைத் திறந்தார். புதுச் செருப்பு கடித்த இடத்தில் அவளுக்கு ஒரு கட்டு. திங்கட்கிழமை நர்சிங் ஹோமில் போட்டது. வலியே இல்லை என்றாலும் நம்ப மாட்டேன் என்கிறார்.

பாஸ்டர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "என்ன தியோடர் சார், கர்த்தரோட படைப்புல குறை கண்டுபிடிக்கிறீங்களாமே?"

"குறை சொல்லலை பாஸ்டர். கால்ல சுண்டுவிரல் இருக்கு. எதுக்கு இருக்கு? கட்டில் கால்ல இடிச்சுக்கத்தானே? வரப்போற மனுஷனுக்கு அது இருக்கவே இருக்காதுன்னு எழுதியிருக்கான். அப்பவும் அவன் நடப்பான், சர்ச்சுக்குப் போவான், கொயர்ல நின்னு பாடுவான். ஒரு விரல் இல்லேன்னா அவன் ஆண்டவரோட பிள்ளை இல்லேன்னு ஆயிடுமா? சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா."

கடைசி வார்த்தைக்கு வரும்போது தியோடரின் குரல் உடைந்துவிட்டது. பாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்திருந்த வசனங்கள் எதுவும் இதற்குப் பொருந்துகிற மாதிரி இல்லை.

"யாரு நம்பணும்? எதை நம்பணும்?" ரோசலின் வெடித்துவிட்டாள். "இத்தனை வருஷம் என் பக்கத்துல முழங்கால் போட்ட ஆளு நீங்க. இனிமே நான் தனியாத்தான் ஜெபம் பண்ணணுமா? உங்களுக்கு என்னங்க ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலை ரோஸி."

"பின்னே எதுக்கு இந்தப் பல்லு, வாலு, விரலு?"

தியோடர் பாஸ்டரைப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து உதவி வராது என்று தெரிந்ததும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நர்ஸ் கட்டு போட்டுக்கிட்டு இருந்தப்போ டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டாரு. நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் சுத்தி வளைச்சுக்கிட்டு இருந்தேன்."

ரோசலினின் இடது காலை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, கட்டுக்கு மேலாகச் சுண்டுவிரலைத் தடவிக் கொடுத்தார். அவர் தடவுவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

"வலிக்கலை, ஆறிடுச்சுன்னு நீ சொல்லிக்கிட்டே இருந்தியே... சர்க்கரை அந்த விரலைத் தின்னுடுச்சாம் ரோஸி, அதை மட்டும் எடுத்துட்டா காலைக் காப்பாத்திடலாமாம்."